போர்ட் உள்ள கண்ணாடி மாதிரி மின்னணுமா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்தது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னிக்கு எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது.

ஒரு தம்பி அனுப்பியிருந்தார். 150 சிசி பைக், ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி. வால்வு லீக் ஆகி ஹெட்டைக் கழட்டியாச்சு. "அண்ணா, ஹெட் எப்படியும் வெளியில வந்துடுச்சு, இதோட சேர்த்து போர்ட்டையும் பாலிஷ் பண்ணிக்கோ, உள்ள முகம் பாக்கற மாதிரி தேய்ச்சுத் தரேன், பிக்அப் சும்மா பிச்சுக்கும்னு மெக்கானிக் சொல்றார். நாலாயிரம் ரூபா கேக்கறார். பண்ணலாமா? இந்த வண்டியிலதான் டெலிவரி வேலைக்குப் போறேன். நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

அவருக்கு நான் அன்னிக்கே ஒரு வரியில பதில் அனுப்பிட்டேன்: "பண்ணாதீங்க. வால்வை மட்டும் ஒழுங்கா உக்கார வைக்கச் சொல்லுங்க." ஆனா ஏன்னு ஒரு வரியில சொல்ல முடியல. அதுக்குத்தான் இந்த எபிசோடு.

இன்னொரு காரணமும் இருக்கு. இதே வேலையை நானே என் பைக்குக்குப் பண்ணிக் கெடுத்திருக்கேன். அந்தக் கதை கடைசியில வருது.

காத்து நுழையற வழி

முதல்ல, போர்ட்னா என்ன? என்ஜினோட தலைப்பகுதியைத்தான் ஹெட்டுன்னு சொல்றோம். அதுக்குள்ள வால்வு வரைக்கும் போற ஒரு வளைஞ்ச சுரங்கம் இருக்கும். காத்தும் பெட்ரோலும் உள்ள வர்ற சுரங்கம் இன்டேக் போர்ட். எரிஞ்ச புகை வெளிய போற சுரங்கம் எக்ஸாஸ்ட் போர்ட். இன்னிக்கு நாம பேசறது முக்கியமா இன்டேக் போர்ட் பத்தி.

கம்பெனியில ஹெட்டை வார்க்கும்போது, இந்தச் சுரங்கம் வர்றதுக்காகப் பல சமயம் மணல்ல செஞ்ச ஒரு அச்சை உள்ள வெச்சு, அதைச் சுத்தி உருக்கின அலுமினியத்தை ஊத்துவாங்க. ஆறினதும் மணலை உதிர்த்து எடுத்துடுவாங்க. அந்த மணலோட தடம் போர்ட் சுவர்ல அப்படியே தங்கிடும். விரலை விட்டுத் தடவினா சொரசொரன்னு இருக்கும். அங்கதான் எல்லாருக்கும் அந்த ஆசை வருது: இதை வழுவழுன்னு ஆக்கிட்டா காத்து வழுக்கிக்கிட்டுப் போகும் இல்லையா?

கேக்க நியாயமாத்தான் இருக்கு. சறுக்குமரம் வழுவழுப்பா இருந்தா நாம வேகமாச் சறுக்கறோம். ஆனா காத்து சறுக்குமரத்துல சறுக்கற குழந்தை இல்ல. சுவரை ஒட்டி இருக்கற காத்து சறுக்கறதே இல்ல, அது சுவரோடயே ஒட்டிக்கிட்டு நிக்குது.

மணல் ஒட்டின குழாய்

1904-ல லுட்விக் பிராண்டல்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி இதைத் தெளிவா விளக்கினார். ஒரு திரவமோ வாயுவோ ஒரு சுவரை ஒட்டி ஓடும்போது, சுவரைத் தொடற அடுக்கோட வேகம் பூஜ்யம். கொஞ்சம் தள்ளிப் போனா கொஞ்சம் வேகம். இன்னும் தள்ளிப் போனா முழு வேகம். இடையில இருக்கற இந்த மெல்லிசான பகுதிக்குப் பேரு எல்லை அடுக்கு. அதுலயும் சுவரை ஒட்டின கடைசிப் பகுதி இன்னும் மெல்லிசு. அங்க சுழலே பெருசா கிடையாது, காத்து தேன் மாதிரி அடங்கி நகரும்.

கோட்டிங்கன்ல பிராண்டல்கிட்ட வேலை பார்த்தவர் யோஹான் நிக்குராட்சே. அவர் செஞ்ச பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மணலைச் சல்லடையில சலிச்சு, ஒரே அளவு மணலாப் பிரிச்சார். அதைக் குழாய்களோட உள் சுவர்ல வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு வெச்சு ஒட்டினார். அப்புறம் அந்தக் குழாய்கள்ல தண்ணியை விட்டு, எவ்வளவு அழுத்தம் வீணாகுதுன்னு அளந்தார். மணல் பருமன், குழாய் விட்டத்துல முப்பதுல ஒரு பங்குல இருந்து சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் மாத்தி மாத்திப் பார்த்தார். 1933-ல முடிவுகள் வெளியாச்சு. இன்னிக்கும் இன்ஜினியரிங் படிக்கற எல்லாரும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அந்த வளைகோடுகளைப் பார்த்திருப்பீங்க.

அதுல நமக்கு வேண்டிய சேதி இதுதான். சுவர்ல இருக்கற மேடு பள்ளம், அந்தக் கடைசி மெல்லிசான அடுக்குக்குள்ள அமுங்கி இருந்தா, ஓட்டத்துக்கு அந்தச் சொரசொரப்பு இருக்கறதே தெரியாது. மணல் ஒட்டின குழாயும் வழுவழுப்பான குழாயும் ஒரே மாதிரி நடந்துக்கும். மேடு அந்த அடுக்கைத் தாண்டித் தலையைத் தூக்கினாதான் இழப்பு கூடும்.

அப்போ கேள்வி, "போர்ட் வழுவழுப்பா இருக்கா?" அப்படீங்கறது இல்ல. "மேடு அந்த அடுக்கைத் தாண்டுதா? தாண்டினா அதனால எவ்வளவு இழக்கறோம்?" இதுதான். இதைக் கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

ஒரு தோராயக் கணக்கு

பயப்படாதீங்க, மெதுவாப் போவோம். ஒரு 150 சிசி என்ஜின், பிஸ்டன் விட்டம் சுமார் 57 மி.மீ., ஸ்ட்ரோக்கும் கிட்டத்தட்ட அதேன்னு வெச்சுக்கங்க. போர்ட் விட்டம் 25 மி.மீ. என்ஜின் 8000 ஆர்பிஎம்ல சுத்துது.

அந்த வேகத்துல பிஸ்டன் கீழ இறங்கற சராசரி வேகம் நொடிக்கு சுமார் 15 மீட்டர். பிஸ்டன் பரப்பு, போர்ட் பரப்பை விட அஞ்சு மடங்குக்கும் மேல. அதனால பிஸ்டன் இழுக்கற காத்து போர்ட்ல அஞ்சு மடங்குக்கு மேல வேகமாப் போகணும். அது நொடிக்கு சுமார் 80 மீட்டர். மணிக்கு 290 கிலோமீட்டர் பக்கம் வருது. உள்ள இழுக்கற ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைக்கற நேரம் 4 மில்லி செகண்டுக்கும் குறைவு.

இந்த வேகத்துல, சுவரை ஒட்டின அந்த மெல்லிசான அடுக்கோட கனம் சுமார் 20 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம்ம தலைமுடியோட கனம் சுமார் 70 மைக்ரான். அதுல மூணுல ஒரு பங்குக்கும் குறைவுதான் அந்த அடுக்கு.

வார்த்தபடியே இருக்கற போர்ட்ல, மணல் தடம் இந்த அடுக்கைத் தாண்டலாம். அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அதையே 80 கிரிட் எமரியில ஒரு முறை தேய்ச்சீங்கன்னா, மிஞ்சற கீறல்களோட ஆழம் சில மைக்ரான்தான். அதெல்லாம் அடுக்குக்குள்ள அமுங்கிடும். அதுக்கு அப்புறம் 400, 800, 1200னு போய், பஃப் வெச்சுக் கண்ணாடியாக்கினாலும் காத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் தெரியறது நம்ம கண்ணுக்கும், ரீல்ஸ் எடுக்கற கேமராவுக்கும்தான்.

சரி, வார்த்தபடியே விட்டா எவ்வளவு நஷ்டம்? போர்ட் நீளம் 80 மி.மீ.ன்னு வெச்சு, நிக்குராட்சே வழியில வந்த உராய்வு எண்களைப் போட்டா, வழுவழுப்பான சுவர்ல வீணாகற அழுத்தம் சுமார் 210 பாஸ்கல். நல்ல சொரசொரப்பான சுவர்ல, அதாவது பத்துல ஒரு பங்கு மில்லிமீட்டர் மணல் ஒட்டின மாதிரி சுவர்ல, சுமார் 360 பாஸ்கல். வித்தியாசம் 150 பாஸ்கல். வெளிக் காத்தோட அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் மேல. அதுல இது 0.15 சதவீதம்.

15 குதிரைத்திறன் தர்ற என்ஜின்ல 0.15 சதவீதம்னா 0.02 குதிரைத்திறன். போர்ட்ல காத்து ஒரே சீரா ஓடாது, அலை அலையா வரும், ஸ்ட்ரோக் நடுவுல வேகம் சராசரியைத் தாண்டும். அதுக்காக இழப்பைத் தாராளமா மூணு மடங்குன்னு வெச்சாலும் அரை சதவீதத்தைத் தாண்டாது. நீங்க காலையில இட்லி ரெண்டு அதிகமா சாப்பிட்டு வண்டியில ஏறினீங்கன்னா இந்த லாபம் கிட்டத்தட்ட காலி.

அப்போ காத்து எங்கதான் மாட்டிக்குது? வாசல்ல. மெட்ரோ ஸ்டேஷன்ல காலையில ஒன்பது மணிக்கு நீங்க மாட்டிக்கற இடம் எது? டிக்கெட் ஸ்கேன் பண்ற கேட். நடைபாதை டைல்ஸுக்கு எவ்வளவு பாலிஷ் போட்டாலும் கேட்ல நிக்கற கூட்டம் குறையாது. என்ஜின்ல அந்த கேட், வால்வு. 30 மி.மீ. வால்வு 2 மி.மீ. மட்டும் திறந்திருக்கும்போது காத்துக்குக் கிடைக்கற வழி சுமார் 190 சதுர மி.மீ. நம்ம 25 மி.மீ. போர்ட்டோட பரப்பு 490. வால்வு திறக்கும்போதும் மூடும்போதும் நெருக்கடி வால்வு விளிம்புலதான்.

அதுக்கு அடுத்த நெருக்கடி வளைவுல. போர்ட் நேரா வந்து வால்வுக்குக் கீழ்நோக்கித் திரும்பற இடத்துல, உள்பக்க வளைவு சின்னதா இருக்கும். வேகமா வர்ற காத்தால அந்த வளைவோட ஒட்டித் திரும்ப முடியாது. சுவரை விட்டுப் பிரிஞ்சு, அங்க ஒரு சுழலை உண்டாக்கிடும். உண்மையான போர்ட்டிங் வேலை தெரிஞ்சவங்க நேரம் செலவு பண்றது இந்த வளைவுலயும், வால்வு சீட்டுக்கு மேல இருக்கற கிண்ணத்துலயும், சீட்டோட கோணங்கள்லயும்தான். பாலிஷ்ல இல்ல.

கோல்ஃப் பந்து கதை

இப்ப இதுக்கு நேர் எதிரா ஒரு கோஷ்டி இருக்கு. "பாலிஷ் தப்பு ப்ரோ, கோல்ஃப் பந்து மாதிரி குழி குழியாப் போடணும்"னு சொல்றாங்க. போர்ட் முழுக்கக் குட்டிக் குட்டிக் குழி போட்ட வீடியோ உங்க ஃபீட்லயும் வந்திருக்கும்.

கோல்ஃப் பந்துல குழி வேலை செய்யறது உண்மை. பந்து காத்துல பறக்கும்போது, அதோட எல்லை அடுக்கு அமைதியா ஓடினா, பந்தோட பாதியிலயே பிரிஞ்சுடும். பின்னாடி பெரிய வெற்றிடம் மாதிரி ஒண்ணு உண்டாகி பந்தை இழுக்கும். குழிகள் அந்த அடுக்கைக் கலக்கி விடும். கலங்கின அடுக்கு பந்தைச் சுத்தி இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கிட்டுப் போய்ப் பிரியும். இழுவை குறையும்.

ஆனா போர்ட்ல? குழாய்ல ஓட்டம் கலங்கினதா இல்லையான்னு சொல்ல ரெனால்ட்ஸ் எண்ணுன்னு ஒண்ணு இருக்கு. நாலாயிரத்தைத் தாண்டினா பொதுவாக் கலங்கின ஓட்டம். நம்ம போர்ட்ல, அந்த 80 மீட்டர் வேகத்துல, அது ஒரு லட்சத்துக்கும் மேல. ஏற்கனவே கலங்கிப் போனதைக் குழி போட்டு எதுக்குக் கலக்கணும்? பந்தோட பிரச்சினை வேற, போர்ட்டோட பிரச்சினை வேற.

காத்து மட்டும் இல்ல, பெட்ரோலும் இருக்கு

இதுவரைக்கும் காத்தை மட்டும் பேசினோம். சொரசொரப்புக்கு உண்மையிலேயே ஒரு வேலை இருக்கற இடம் இனிமேதான் வருது.

பெட்ரோல் முழுசா எரிய, எடையில ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காத்து வேணும். ஆனா பெட்ரோல் போர்ட்ல ஆவியா மட்டும் வர்றதில்ல. துளிகளா வருது. துளி காத்தை விட கனமானது. காத்து வளையும்போது துளி வளையாம நேராப் போய்ச் சுவர்ல மோதும். அங்க ஒரு ஈரப் படலமா ஒட்டிக்கும். குளிர்ந்த என்ஜின்ல இது இன்னும் அதிகம், ஏன்னா சுவர்ல சூடே இருக்காது.

இது எவ்வளவு பெரிய தலைவலின்னா, 1981-ல ஃபோர்டுல இருந்த அகினோங்கற இன்ஜினியர் இதுக்காக ஒரு கணக்கு முறையே எழுதினார். உள்ள விடற பெட்ரோல்ல எத்தனை பங்கு சுவர்ல ஒட்டுது, ஒட்டினது எவ்வளவு நேரத்துல கிளம்பி வருது. இந்த ரெண்டு எண்ணை வெச்சு, த்ராட்டிலைத் திடீர்னு திருகும்போது எவ்வளவு பெட்ரோல் கூடுதலா விடணும்னு கணக்குப் போடலாம். இன்னிக்கு உங்க வண்டியில இருக்கற ஈசியு, அதாவது என்ஜினோட கம்ப்யூட்டர், த்ராட்டிலைத் திருகின நொடியில கொஞ்சம் அதிகமா பெட்ரோல் விடறதுக்கு இதுதான் அடிப்படைக் காரணம். பழைய கார்புரேட்டர்கள் பலதுல அதே வேலைக்கு ஒரு குட்டி பம்ப் இருந்துச்சு.

இப்ப சுவரோட தன்மையை யோசிச்சுப் பாருங்க. பெட்ரோல் உலோகத்துல நல்லாவே ஒட்டிப் பரவற திரவம். அப்படிப்பட்ட திரவம் கொஞ்சம் சொரசொரப்பான பரப்புல இன்னும் அகலமா, மெல்லிசாப் பரவும். மெல்லிசாப் பரவினா சீக்கிரம் ஆவியாகும். கண்ணாடி மாதிரி சுவர்ல படலத்தைப் பிடிச்சு வைக்க எதுவும் இல்ல. காத்து தள்ளத் தள்ள அது ஒண்ணாத் திரண்டு, வால்வு பக்கம் சொட்டாப் போய் விழலாம். அதனாலதான் கார்புரேட்டர் என்ஜின் கட்டற அனுபவசாலிகள் பலர், இன்டேக் போர்ட்டை 60 இல்ல 80 கிரிட்டோட நிறுத்திடறாங்க. கீறல்களும் ஓட்டத்துக்குக் குறுக்கா வர்ற மாதிரி பார்த்துக்கறாங்க.

இதனால பவர் எகிறும்னு நினைச்சுக்காதீங்க. இதோட பலன் தெரியறது குளிர்ந்த ஸ்டார்ட்லயும், ஐடில்லயும், மெதுவான வேகத்துல த்ராட்டிலைத் திருகற அந்த நொடியிலயும்தான். அதாவது சிக்னல்ல நின்னு கிளம்பும்போது. டெலிவரி ஓட்டற ஒருத்தருக்கு அதுதானே நாள் முழுக்க.

எக்ஸாஸ்ட் போர்ட்ல கதை வேற. அங்க நனைய பெட்ரோல் இல்ல, கரி படியறதுதான் பிரச்சினை. அதனால அங்க வழுவழுப்பா வெச்சா கெடுதல் இல்ல.

வண்டி வகையையும் பார்க்கணும். 2020 ஏப்ரல் 1-ல பிஎஸ் 6 வந்ததுக்கு அப்புறம் நம்ம ஊர் பைக்குகள்ல கார்புரேட்டர் கிட்டத்தட்டப் போயிடுச்சு. இன்ஜெக்டர் வால்வுக்குப் பக்கத்துல உக்காந்து, சூடான வால்வோட முதுகைப் பார்த்துத் தெளிக்குது. போர்ட் சுவர் நனையறது குறைவு. அதனால சொரசொரப்போட பங்கு இன்னும் சின்னதாகுது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்கள்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளயே போயிடுது, போர்ட்ல காத்து மட்டும்தான். அங்க வேற ஒரு சிக்கல் வந்துச்சு. வால்வு முதுகைக் கழுவ பெட்ரோல் வராததால, எண்ணெய்ப் புகை படிஞ்சு கரியாக் கெட்டியாகுது. அதைச் சுரண்ட வால்நட் ஓட்டைப் பொடிச்சுக் காத்தோட அடிக்கறாங்க. டொயோட்டா மாதிரி சிலர் ரெண்டு வகை இன்ஜெக்டரையும் சேர்த்தே வைக்கறாங்க.

சுவர் நிஜமாவே பவரைத் தின்ன கதை

"அப்போ உள் சுவர் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா?"ன்னு கேட்டா, இல்ல. அதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு.

1999 மாடல் ஃபோர்டு எஸ்விடி மஸ்டாங் கோப்ரா. அமெரிக்காவுல வந்த கார். 4.6 லிட்டர் வி8, விளம்பரத்துல 320 குதிரைத்திறன். வாங்கினவங்க டைனோல ஏத்திப் பார்த்தாங்க, சொன்ன அளவு வரல. சத்தம் போட ஆரம்பிச்சாங்க. கடைசியில ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, வித்த கார்களையும் திரும்பக் கூப்பிட்டுச்சு. இன்டேக் மேனிஃபோல்டை மாத்தினாங்க, ஈசியுவைத் திருத்தினாங்க, பின்பக்க எக்ஸாஸ்டையும் மாத்தினாங்க. காரணமாச் சொன்னதுல ஒண்ணு, இன்டேக் மேனிஃபோல்டு வழிகளுக்குள்ள வார்ப்புல மிஞ்சின அலுமினியம். மாத்திக் கொடுத்த மேனிஃபோல்டுகளை, உராய்வுப் பொடி கலந்த கெட்டியான மாவு மாதிரி ஒரு பொருளை அழுத்தி உள்ள ஓட விட்டுத் தேய்ச்சிருந்தாங்க. 2000-ல பொதுவா விக்கற கோப்ராவே வரல, ரேஸுக்குன்னு 300 கார் மட்டும்தான் வந்துச்சு.

இதைப் பார்த்துட்டு "பாத்தீங்களா, பாலிஷ் பண்ணினா பவர் வருது"ன்னு சொல்றவங்க உண்டு. கவனிச்சுப் பாருங்க. அங்க வழியை அடைச்சது மைக்ரான் அளவு கீறல் இல்ல. வழிக்குள்ள துருத்திக்கிட்டு நின்ன உலோகம். அது சொரசொரப்பு இல்ல, வடிவமே கெட்டுப் போறது. அந்த மாவு பளபளப்பாக்கறதோட நிக்காது, உலோகத்தையும் கொஞ்சம் அரிச்சு வழியைச் சரியாக்கும். அதுவும் மேனிஃபோல்டு மட்டும் மாறல, மூணு விஷயம் சேர்ந்து மாறியிருக்கு.

நம்ம பைக்லயும் இதே மாதிரி தேட வேண்டியவை உண்டு. வார்ப்புல மிஞ்சின பிசிறு, இன்டேக் ரப்பரும் ஹெட்டும் சேர்ற இடத்துல படி மாதிரி ஒரு மேடு, வெளிய துருத்தின கேஸ்கெட். இதெல்லாம் மில்லிமீட்டர் அளவு. விரல்ல தடவினா தட்டும். அதைச் சரி பண்ணினா பலன் உண்டு.

என் ஹெட்டோட கதை

காலேஜ் முடிச்ச புதுசு. பழைய கார்புரேட்டர் பைக். வாடகைக்கு ஒரு டை கிரைண்டர், நாலு வீடியோ பார்த்த தைரியம், வீட்டு மொட்டை மாடி. ரெண்டு நாள் உக்காந்து இன்டேக் போர்ட்டைத் தேய்ச்சேன். சொரசொரப்பு போகப் போகப் பளபளப்பு வந்துச்சு, அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் தேய்க்கத் தோணுச்சு. உள்ள டார்ச் அடிச்சா வெள்ளி டம்ளர் மாதிரி மின்னுச்சு. அதை எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டேன்.

வண்டியைப் பூட்டி ஓட்டினேன். காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிச்சுது. கீழ் ஆர்பிஎம்ல சிக்னல்ல கிளம்பும்போது ஒரு தயக்கம். மேல போனா பழைய மாதிரிதான், கூடவும் இல்ல. முதல்ல கார்புரேட்டர்னு நினைச்சேன், ஜெட் மாத்தினேன், ப்ளக் மாத்தினேன். ரெண்டு மாசம் கழிச்சுதான் போர்ட்டை அளந்து பார்க்கணும்னு தோணுச்சு. 25 மி.மீ. இருந்தது 27 ஆகியிருந்துச்சு. பளபளப்புக்காகத் தேய்ச்சுத் தேய்ச்சு, சுத்திலும் ஒரு மில்லிமீட்டர் உலோகத்தை எடுத்திருந்தேன்.

ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம்னு தோணும். பரப்பைக் கணக்குப் போட்டா சுமார் 17 சதவீதம் பெருசு. அதே காத்து பெரிய வழியில போனா வேகம் சுமார் 14 சதவீதம் குறையும். வேகம் குறைஞ்சா பெட்ரோல் துளியைக் காத்து தூக்கிக்கிட்டுப் போறது குறையும், சுவர்ல ஒட்டறது கூடும். பிஸ்டன் கீழ போய்த் திரும்பின பிறகும், காத்து தன்னோட வேகத்தால கொஞ்ச நேரம் உள்ள நுழைஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த உந்தமும் குறையும். என் வண்டியோட தயக்கத்துக்குப் பளபளப்பு ஒரு பங்கு காரணம்னா, அளவு மாறினது பல பங்கு காரணம்.

மோசம் என்னன்னா, அதைத் திருப்ப வழியில்ல. எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. வேற ஹெட் வாங்கித்தான் வண்டியைச் சரி பண்ணினேன். முதல் வேலையில வாங்கின முதல் சம்பளத்துல பாதி அதுக்குப் போச்சு.

அப்போ என்ன செய்யலாம்?

ஹெட் வெளிய வந்திருக்கற எல்லாருக்கும் என்னோட வரிசை இதுதான்.

முதல்ல கரியைச் சுத்தம் பண்ணுங்க. சுரண்டாம, கெமிக்கல்ல ஊற வெச்சுத் துடைச்சாலே போதும். அடுத்தது வால்வு. சீட்டைச் சரி பண்ணி, பேஸ்ட் போட்டு லேப்பிங் பண்ணி, லீக் இருக்கான்னு பார்க்கணும். போர்ட்டைத் திருப்பிப் பிடிச்சுப் பெட்ரோல் ஊத்தினா வால்வு பக்கம் கசியக் கூடாது. இந்த ஒரு வேலை தர்ற பலன், எத்தனை நாள் பாலிஷ் போட்டாலும் வராது. அதுக்கப்புறம் விரலை விட்டுப் பாருங்க. இணைப்புல படி தட்டுதா, பிசிறு இருக்கா? இருந்தா அதை மட்டும், அளந்து, கொஞ்சமா எடுக்கச் சொல்லுங்க. தேய்க்கற முன்னாடி வெர்னியர்ல ஒரு முறை, தேய்ச்ச பின்னாடி ஒரு முறை அளந்து பேப்பர்ல எழுதிக்கங்க. கடைசியா ஏர் ஃபில்டர் புதுசா, டேப்பெட் இடைவெளி சரியான்னு பாருங்க.

உங்களுக்கு நிஜமாவே ரேஸ் ஆசை இருந்து போர்ட்டிங் பண்ணணும்னா, தாராளமாப் பண்ணுங்க. ஆனா ஃப்ளோ பெஞ்ச் வெச்சிருக்கறவங்ககிட்ட போங்க. ஒரே அழுத்தத்துல, உதாரணமா 28 இன்ச் நீர் அழுத்தத்துல, வால்வை ஒவ்வொரு மில்லிமீட்டராத் திறந்து எவ்வளவு காத்து போகுதுன்னு அளந்து, முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு தாள்ல எழுதித் தருவாங்க. "உள்ள முகம் தெரியுது பாருங்க"ன்னு மட்டும் காட்டறவர்கிட்ட, "எவ்வளவு கூடுச்சு?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. எண் வந்தா பேசலாம்.

நான் மெக்கானிக்கை ஏமாத்துக்காரர்னு சொல்ல வரல. அந்தத் தம்பியோட மெக்கானிக் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார். வழுவழுப்பு நல்லதுன்னு நம்ம எல்லாரோட விரலும் சொல்லுது. நானும் அதை நம்பித்தானே மாடியில உக்காந்தேன்.

அந்தத் தம்பி நேத்து மறுபடி மெசேஜ் பண்ணினார். சீட்டை மட்டும் சரி பண்ணி, லேப்பிங் பண்ணி, ஹெட்டைப் பூட்டியாச்சாம். செலவு தொள்ளாயிரம் ரூபா. "அண்ணா, வண்டி காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது, மிச்சக் காசுல பின் டயர் போட்டுட்டேன்"னு சொன்னார். மழை வர்ற நேரத்துல அந்த டயர்தான் அவருக்கு உண்மையான அப்கிரேடு.

என்னோட பழைய ஹெட் இன்னும் என்கிட்டதான் இருக்கு. இப்ப நான் பேசிக்கிட்டிருக்கற இந்த மேசையில, ஸ்கிரிப்ட் பேப்பர் பறக்காம இருக்க வெச்சிருக்கேன். உள்ள இன்னும் மின்னுது.

அடுத்த எபிசோடுல எக்ஸாஸ்ட் பைப் நீளம் பத்திப் பேசுவோம். சைலன்சரை வெட்டறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுடுங்க. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. வண்டியைப் பத்திரமா ஓட்டுங்க.